‘கொஞ்சம் முடியல’ன்டு நான் எழுதிவச்ச எர்ரர்

நான் எட்டாப்பு ஃபெயிலு. உண்மையச் சொன்னா ஏழாப்புலயே ஃபெயில்தேன். எம் மூஞ்சிய இன்னொரு வருசம் பாக்கணுமேன்டு பயந்துபோயி வாத்தியாரு எட்டாப்புக்குத் தள்ளிவிட்டுட்டாரு. அப்பேர்ப்பட்ட ஆளு ஒத்தக்கடையில கம்ப்யூட்டர் கடை வச்சு பதினோரு வருசமா ஓட்டுறேன். சுத்தி அம்புட்டும் காலேஜு. இன்ஜினியரிங் படிக்கிற புள்ளைக லேப்டாப்பத் தூக்கிட்டு வந்து, "அண்ணே, ஆன் ஆக மாட்டேங்குது"ங்கும். நான் ஒயரக் கழட்டி மாட்டிக் குடுப்பேன். முக்காவாசி நோய்க்கு அதேன் மருந்து. மிச்சக் காவாசிக்கு "மதர்போர்டு போயிருச்சு"ன்டு சொல்லிருவேன். மதர்போர்டு நம்மள எதுத்துப் பேசாது பாருங்க.

இங்கிலீசு எனக்கு எழுத்துக்கூட்டித்தேன் வரும். ஸ்கிரீன்ல எர்ரர் வந்தா நான் படிக்க மாட்டேன், பாப்பேன். ஒத்த வரின்னா சளி, காச்சல். நாலு வரி செவப்புன்னா ஆளத் தூக்கிட்டு ஓடணும். இம்புட்டுத்தேன் எம் படிப்பு.

இந்த லட்சணத்துல ஒரு புரோகிராமுக்கு எர்ரர் மெசேஜு எப்புடி இருக்கணும்ன்டு நான் எழுதிக் குடுத்தேன். அதச் சொல்லத்தேன் ஒக்காந்திருக்கேன். சிரிப்பாச் சொல்லிறலாம்ன்டு பாக்குறேன், எங்கிட்டுப் போயி முடியுதோ தெரியல.

எனக்கு ஒரு சகல. எம் பொண்டாட்டியோட தங்கச்சி புருசன். சாஃப்ட்வேர் ஆளு, வீட்டுல இருந்தே வேல. கார்டுக்குள்ளயும் டிஸ்குக்குள்ளயும் ஃபைலு எப்புடி அடுக்கியிருக்கு, எப்புடி எடுக்கணும், அதேன் அவருக்குப் பொழப்பே. ஒரு தடவ எங்கடைக்கு வந்தவரு, போட்டோ ஸ்டுடியோக்காரங்க படுற பாட்டப் பாத்தாரு. கல்யாணம் காதுகுத்துன்டு வீடியோ எடுத்துட்டு வருவாய்ங்க. கேமரா மெமரி கார்டுல ஒரு எடம் கெட்டுப்போயிருந்தா காப்பி பாதியில நின்டு போகும். நல்லா இருக்குற மிச்சமும் வராது. சகல ஒரு வாரம் ஒக்காந்து சின்னதா ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தாரு. கெட்ட எடம் வந்தா அதத் தாண்டிக் குதிச்சு, மிச்ச ஃபைல எல்லாம் எடுத்துட்டு வந்துரும். நாலு ஸ்டுடியோவுல போட்டுக் குடுத்தேன். போட்டது நானுன்டு ஊரு பூராம் சொல்லிக்கிட்டேன். எழுதுனது யாருன்டு யாரும் கேக்கல, சகலன்டு நானும் சொல்லல.

ஒரே தொந்தரவு. மெசேஜு எல்லாம் இங்கிலீசு. கெட்ட எடத்துக்குக் கெட்ட எடம் செவப்பா ஒரு வரி வரும், ஃபைல் பேரு, எத்தனாவது எடம், மைனஸ் அஞ்சு என்னமோன்டு. பாத்ததும் எனக்குப் போன். "தம்பி, செவப்பா ஓடுது, என்னன்டு பாரு." சோறு திங்க விட மாட்டாய்ங்க.

ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், சகல வீட்டுல கறிச்சோறு தின்டுட்டு, ரெண்டு பேரும் லேப்டாப்பு முன்னாடி ஒக்காந்தோம்.

"யோவ் சகல, இத தமிழ்ல மாத்துய்யா."

"மாத்தலாம்ண்ணே. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன். ஆனா மூணு வகை இருக்கு. ஒன்னு சும்மா தகவல். ஒன்னு எச்சரிக்கை. ஒன்னு எர்ரர். மூணும் வேற வேற."

"அதென்னய்யா, நடுவுல சதவீதக் குறி போட்டு ஒரு எழுத்து நிக்குது?"

"அது எடம் பிடிச்சு வச்சிருக்குண்ணே. மெசேஜு வாரப்ப ஃபைல் பேரு வந்து அதுல ஒக்காரும். பக்கத்துல இருக்குறதுல நம்பர் ஒக்காரும்."

"மாட்டுத்தாவணியில பஸ்ஸு சன்னல் வழியாத் துண்டப் போடுற மாதிரியா?"

"அதேதாண்ணே!" சகலைக்கு ரெம்பச் சந்தோசம். அவரு ஆபீசுல யாருக்கும் இம்புட்டுச் சுளுவா வெளங்கல போல.

"அப்பத் துண்ட எடுத்துருய்யா."

"ஏண்ணே?"

"அந்த ஃபைல் பேரு லாரி நம்பர் மாதிரி இருக்கு. அத வச்சு அவிங்க என்ன பண்ணப் போறாய்ங்க? பாத்தா பயந்தேன் வரும்."

"துண்ட எடுத்தா எந்த ஃபைலு போச்சுன்டே தெரியாமப் போயிரும்ண்ணே."

"தெரிஞ்சு என்னய்யா ஆகப்போகுது? மனசு நோகாமச் சொல்லணும். எழுது. ‘கொஞ்சம் முடியல. பாத்துக்கிட்டிருக்கோம்.’"

இத ஏன் அப்புடிச் சொன்னேன்னா, எங்க பக்கம் கெட்ட சேதிய யாரும் நேராச் சொல்ல மாட்டாக. எங்கப்பா செத்தப்ப நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருந்தேன். ஊருலருந்து போன். "அப்பாவுக்குக் கொஞ்சம் முடியல, உடனே கெளம்பி வா." அம்புட்டுத்தேன். போனக் கீழ வைக்கிறதுக்குள்ள எனக்கு அழுக வந்துருச்சு. சொன்னவருக்கும் தெரியும், கேட்ட எனக்கும் தெரியும். பஸ்ஸுல வார ஆளுக்கு வழியில ஒன்னும் ஆகிறக் கூடாதுன்டு அப்புடி ஒரு மொற. அது நல்ல மொறதேன்டு இப்பவும் சொல்லுவேன். அந்த மொறைய நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுத்தேன்.

சகல ஒரு தடவ திரும்பிப் பாத்தாரு. "மூணு வகைக்கும் இதே மெசேஜாண்ணே? தும்முனதுக்கும் செத்ததுக்கும் ஒரே வார்த்தையா?"

"அடிய்யா."

அடிச்சாரு. நான் மூத்த சகல, சொல்லு தட்ட மாட்டாரு. கடைசியில பச்சையில ஒன்னு போடச் சொன்னேன்: ‘வேல முடிஞ்சது. சந்தோசமா இருங்க.’

ஸ்டுடியோக்காரங்களுக்கு ஒரே சந்தோசம். கோச்சடையில ஸ்டுடியோ வச்சிருக்குற அக்கா போன் பண்ணி, "தம்பி, ஒன் கம்ப்யூட்டரு நம்ம சாதிசனம் மாதிரிப் பேசுது"ன்டுச்சு. எட்டாப்பு ஃபெயிலு எழுதுன எர்ரர் மெசேஜு நாலு ஸ்டுடியோவுல ஓடுதுன்டு நான் காலரத் தூக்கிவிட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். அந்த வருசத்துல செவப்பா ஓடுதுன்டு எனக்கு ஒரு போன் கூட வரல. அதுலயே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். ஒரு வருசமா யாருக்கும் ஒன்னுமே கெடலன்னா அது எப்புடி? எனக்குத் தோணல. சோறு நிம்மதியாத் தின்டேன்.

அந்தக் கோச்சடை அக்காவப் பத்திச் சொல்லணும். அம்பது வயசு இருக்கும். ஸ்டுடியோ அதுதேன் நடத்துது, வீடியோவும் அதுதேன் எடுக்கும். கேமராவத் தோள்ல வச்சுச்சுன்னா மணமேடையில நிக்கிற ஆம்பளைக தானா வெலகி நிப்பாக. ஒரு நா ஸ்கூட்டிய எங் கடை வாசல்ல நிப்பாட்டிட்டு உள்ள வந்துச்சு.

"தம்பி, செக்கானூரணி பக்கம் ஒரு காதுகுத்து எடுத்தேன். கொலசாமி கோயில்ல. தாய்மாமன் சீரு கொண்டாந்ததையும், அவரு மடியில வச்சுப் புள்ளைக்குக் காது குத்துனதையும் காணோம்."

"எடுத்தீகளாக்கா?"

"கேக்குற கேள்வியப் பாரு. கோயிலுன்டு செருப்பக் கழட்டிட்டு, சீருக்கு முன்னாடி பின்னாடியே நடந்து எடுத்தேன். கொப்பளம் இன்னும் ஆறல, காமிக்கவா?"

"காப்பி போடுறப்ப என்ன வந்துச்சு?"

"‘கொஞ்சம் முடியல’ன்டு வந்துச்சு. அது எப்பவும் வாரதுதானே? பெறகு பச்சையில சந்தோசமா இருக்கச் சொல்லுச்சு. நானும் சந்தோசமாக் கார்ட அழிச்சுட்டு மறுநா வளையல்காப்புக்கு எடுத்துட்டுப் போனேன்."

கெட்டத எம் மெசேஜு மறச்சிருச்சுன்டு எனக்கு வெளங்கிருச்சு. அப்பச் சொல்லியிருக்கணும். வாயத் தொறந்தேன், பொய்தேன் வந்துச்சு.

"கார்டு டூப்ளிகேட்டா இருக்கும்க்கா."

"ஒங்கடையிலதானடா வாங்குனேன்?"

குண்டக்க மண்டக்க மாட்டிக்கிட்டேன். ஒரு பொய்ய மூட இன்னொன்னு. "அப்ப... கேமராவ எங்கயாச்சும் வெயில்ல வச்சீகளா?"

அக்காவுக்கு மூஞ்சி மாறிப்போச்சு. "ஆமா தம்பி. பந்தியில ஒக்காரச் சொன்னாக. தின்டுட்டு வாரவரைக்கும் கோயில் கல்லு மேல வச்சுட்டேன்."

"அதேன்க்கா" என்டேன்.

முப்பது வருசம் கேமராவத் தூக்குன பொம்பளை, தன்னாலதேன் கெட்டுச்சுன்டு நம்பித் தலையத் தொங்கப் போட்டுட்டுப் போச்சு. ஸ்கூட்டியக் கெளப்புறப்ப, "ஒன்ன வேற சந்தேகப்பட்டேன், மனசுல வச்சுக்காத"ன்டுச்சு. ஒரு அடி அடிச்சிருந்தா தேவல.

சாயங்காலம் சகலகிட்டப் போனேன். அக்கா கம்ப்யூட்டர்ல புரோகிராம் ஓடுறப்பத் தானா எழுதிவச்ச குறிப்ப வாங்கித் தொறந்தாரு. மேலருந்து கீழ வரைக்கும் எஞ் சொல்லுதேன். கொஞ்சம் முடியல. கொஞ்சம் முடியல. கொஞ்சம் முடியல. எழவு வீட்டு வாசல்ல நின்டு வாரவுக எல்லாம் ஒன்னே சொல்ற மாதிரி.

"எந்த ஃபைலுக்கு என்ன ஆச்சுன்டு இருக்காய்யா?"

"துண்டத்தான் எடுத்துட்டீங்களேண்ணே." கோவமாக் கூடச் சொல்லல. "கெட்டது ரெண்டு ஃபைலாத்தான் இருந்திருக்கும். அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அதே கார்ட வச்சுத் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி முக்காவாசி எடுத்திருக்கலாம். இப்ப அது மேல வளையல்காப்பு ஒக்காந்திருக்கு."

"வெயில்ல வச்சா கெடுமா?"

"யாரு சொன்னா? காது குத்துனதுக்கு அப்பறம்தானே சாப்பாடு? வெயிலுன்னா சாப்பாட்டுக்கு முன்னாடி உள்ளது அம்புட்டும்ல போயிருக்கணும். ரெண்டு மட்டும் எப்புடிப் போகும்?"

நான் செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

அதோட முடிஞ்சிருந்தா நானும் முழுங்கிட்டு இருந்திருப்பேன், நம்ம யோக்கியத அம்புட்டுத்தேன். பத்து நாக் கழிச்சு அக்கா போன் பண்ணுச்சு. கொரலே சரியில்ல. அந்த மாமன் வீட்டு ஆளுக ஸ்டுடியோவுக்கே வந்து சத்தம் போட்டுட்டுப் போயிருக்காக.

வெவரம் என்னன்னா, அந்த மாமனும், காதுகுத்து வச்ச தங்கச்சியும் ஆறு வருசமாப் பேச்சு வார்த்த இல்ல. ஒரு வாய்க்கா வரப்புத் தகராறு. இந்தக் காதுகுத்துக்குத்தேன், ஊர்க்காரக பேசிப் பேசி, மாமன் எறங்கி வந்திருக்காரு. தட்டு தட்டா சீரு, கெடா, மாலை, கொட்டு மேளம். புள்ளைய மடியில வச்சிருக்காரு. எங்க பக்கம் தாய்மாமன் மடியில ஒக்காராம காது குத்த மாட்டாக. அப்பேர்ப்பட்ட நா. வீடியோ வந்ததும் மாமன் சொந்தத்தை எல்லாம் கூட்டி டிவியில போட்டிருக்காரு. பொங்க வைக்கிறது வருது, மொட்டை போடுறது வருது, அடுத்த நொடி புள்ளை காதுல கம்மலோட அழுகுது. மாமனும் இல்ல, சீரும் இல்ல. மத்தது எல்லாம் தெளுவா இருக்கு, இவரு மட்டும் இல்ல.

யாரா இருந்தாலும் என்ன நெனப்பாக? தங்கச்சி சொல்லித்தேன் வெட்டிட்டாகன்டு. கேமரா வெயில்ல கெட்டுப்போச்சுன்டு அக்கா சொன்னத அவரு நம்பல. "இனிமே நீ யாரோ நான் யாரோ"ன்டு மாமன் போன்ல சொல்லிட்டாரு. அந்தத் தங்கச்சி அக்கா ஸ்டுடியோவுல வந்து ஒக்காந்து அழுதுருக்கு.

"கேமராவ வெயில்ல வச்ச பாவத்துக்கு ஒரு அண்ணந் தங்கச்சியப் பிரிச்சுட்டேனே தம்பி" என்டுச்சு அக்கா.

மறுநா காலையில கடையத் தொறக்கல. கோச்சடைக்குப் போனேன். அக்கா பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வெட்டிக்கிட்டிருந்துச்சு. போற வழியில ரெண்டு ஜோக்கு யோசிச்சு வச்சிருந்தேன், எப்புடி ஆரம்பிக்கிறதுன்டு. ரெண்டும் மறந்துபோச்சு. வெயிலு இல்ல, கார்டு கெட்டிருந்துச்சு, அந்த மெசேஜு நான் எழுதுனது, அன்னைக்கு ஒங்கிட்டப் பொய் சொன்னேன்டு சொன்னேன். அக்கா கத்திரிக்கோல நிப்பாட்டவே இல்ல. எட்டு போட்டோவையும் வெட்டி, கவர்ல போட்டு, ஒட்டிட்டு நிமுந்துச்சு.

"பத்து நாளா நான் ஒழுங்காத் தூங்கல."

"தெரியும்க்கா."

"ஒனக்கு என்ன தெரியும்? ஏறு வண்டியில."

ஸ்கூட்டியில அக்கா ஓட்ட, நான் பின்னாடி. செக்கானூரணி வரைக்கும் ஒத்த வார்த்த பேசல. வழியில ரெண்டு பேரு பாத்துச் சிரிச்சாய்ங்க. சிரிக்கட்டும்ன்டு இருந்தேன்.

மாமன் வயக்காட்டு ஓரத்துல நெல்லு அறுக்குற மிசினுக்கு அடியில படுத்துக் கெடந்தாரு. வண்டி அவரோடது. அக்காவப் பாத்ததும் எந்திரிச்சாரு, கையெல்லாம் கிரீசு. எங்க பக்கம் பகையாளி வீட்டுக்கு வந்தாலும் ஒரு செம்பு தண்ணி குடுப்பாக. அவரு குடுக்கல. "என்ன?" என்டாரு.

"இவரு கம்ப்யூட்டர்காரரு. இவரு சொல்லுவாரு" என்டுச்சு அக்கா. அதுவரைக்கும் நான் தம்பி.

சொன்னேன். துண்டப் பத்தி எல்லாம் சொன்னேன். மாமன் ஒரு துணிய எடுத்து வெரல் வெரலாத் தொடச்சுக்கிட்டே கேட்டாரு.

"யாரும் வெட்டலங்கிற."

"வெட்டலண்ணே."

"எந்த எடத்துல கெட்டுச்சு? நான் கோயிலுக்குள்ள நொழையிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"தெரியலண்ணே."

"எம்புட்டு நேரம் இருந்துச்சு?"

"தெரியலண்ணே."

"பொறகு என்னத்தத்தேன் எழுதி வச்ச?"

"கொஞ்சம் முடியலன்டு."

மாமன் மிசினப் பாத்துக் கையக் காமிச்சாரு. "இதுல ஆயில் எறங்குச்சுன்னா செவப்பு லைட்டு எரியும், கூவும். நிப்பாட்டுடா, இல்லாட்டி இன்ஜினு போச்சுன்டு அர்த்தம். இதுல எவனாச்சும் ஒன்ன மாதிரி ஆளு ஒக்காந்து, மனசு நோகக் கூடாதுன்டு லைட்டப் புடுங்கிவிட்டிருந்தா?"

"இன்ஜினு போயிருக்கும்ண்ணே."

"எங்க வீட்டுல போயிருச்சுய்யா."

எனக்கு அங்க நின்டப்பத்தேன் ஒன்னு ஒறச்சுச்சு. எங்கப்பாவுக்குக் கொஞ்சம் முடியலன்டு சொன்னவரு, உடனே கெளம்பி வான்டும் சொன்னாருல்ல? அந்தச் சேதியே அந்தக் ‘கெளம்பி வா’வுலதேன் இருந்துச்சு. நான் மொதப் பாதிய மட்டும் எடுத்துக்கிட்டு, மறுபாதிக்கு சந்தோசமா இருங்கன்டு எழுதிவச்சேன்.

மாமன் போன எடுத்து தங்கச்சிக்கு அடிச்சாரு. ஸ்பீக்கர்ல போட்டாரு. ரெம்ப நேரம் மணி அடிச்சுச்சு.

"ம்" என்டுச்சு ஒரு கொரலு.

மாமன் போன எங்கிட்ட நீட்டுனாரு. "எனக்குச் சொன்ன மாதிரி சொல்லு. இழுக்காம."

பொறந்ததுல இருந்து கெட்ட சேதிய நேராச் சொன்னதே இல்ல நான். அன்னைக்குச் சொன்னேன். "அம்மா, நாங் கம்ப்யூட்டர்க் கடைக்காரன். ஒங்க அண்ணன் சீரு கொண்டாந்த வீடியோவும், மடியில வச்சுக் காது குத்துன வீடியோவும் போயிருச்சு. திரும்ப வராது. கார்டு கெட்டிருந்துச்சு. கெட்டது தெரியாமப் போனது என்னால. ஸ்டுடியோ அக்கா தப்பு இல்ல. யாரும் வெட்டல."

தங்கச்சி, "அவரு பக்கத்துல இருக்காரா?" என்டுச்சு.

"இருக்காரும்மா."

"இருவத்தியொரு தட்டுதேன் கொண்டாந்தாருன்டு ஊருக்குள்ள சொல்லிக்கிட்டுத் திரியுறாராமே. இருவத்திமூணு. நான் எண்ணுனேன். ரெண்டு தட்ட நான் மறச்சுட்டேன்டு நாளைக்கு அதுக்கும் பஞ்சாயத்து வைக்கவா?"

மாமன் போனப் பாத்து, "இருவத்தியொன்னுதேன். நான் வாங்கி வச்சவன், எனக்குத் தெரியாதா?" என்டாரு.

"ரெண்டு தட்டு அண்ணி அம்மா வீட்டுல இருந்து வந்துச்சு. மாம்பழத் தட்டும், சேல வச்ச தட்டும்."

"எந்தச் சேல?"

"இது கூடத் தெரியாமத்தேன் மாமன்டு வந்து ஒக்காந்தீகளா?"

மாமன் எங்கையில இருந்து போன வாங்கிக்கிட்டு வரப்பு மேல நடந்து போயிட்டாரு. தட்டுத் தட்டாப் பேசிக்கிட்டே போனாரு, வாழப்பழம், வெல்லம், கெடா கொம்புல கட்டுன மாலைன்டு. சமாதானமாப் பேசல. சண்டதேன் போட்டாக. அந்தச் சண்ட முடியவே இல்ல, நாங்க கெளம்புற வரைக்கும் கை ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டிருந்தாரு. எங்களுக்குத் தண்ணி கடைசி வரைக்கும் வரல.

அடுத்த ஞாயித்துக்கெழம சகல வீட்டுக்குப் போனேன். கறிச்சோறு வேணாம்ன்டு சொல்லி மொதல்ல லேப்டாப்ப எடுக்கச் சொன்னேன். எடுத்த துண்ட எல்லாம் திரும்பப் போட்டோம். ஃபைல் பேருக்கு ஒன்னு, எடத்துக்கு ஒன்னு, எம்புட்டுப் போச்சுங்கிறதுக்கு ஒன்னு. தகவலு, எச்சரிக்கை, எர்ரர் மூணையும் பிரிச்சோம். இப்ப எர்ரர் இப்புடி வருது: இந்தப் பேரு உள்ள ஃபைலு, இந்த எடத்துல இருந்து படிக்க முடியல, இம்புட்டு வரல, கார்ட அழிக்காத. பச்ச மெசேஜத் தூக்கிட்டேன். கெட்ட ஃபைலு ஒன்னு இருந்தாலும் கடைசி வரி செவப்புலதேன் வரும். நாலு ஸ்டுடியோவுக்கும் நானே போயி மாத்தினேன். மாத்துற எடத்துல எல்லாம் எழுதுனது எஞ் சகலன்டும், கெடுத்தது நானுன்டும் சொல்லிட்டு வந்தேன்.

"வார்த்தையில கொஞ்சம் மரியாத வேணாமாண்ணே?" என்டு சகல கேட்டாரு. "கார்ட அழிக்காதீங்கன்டு?"

யோசிச்சேன். "அத மட்டும் போட்டுக்க" என்டேன்.

இப்பத் திரும்பவும் சோத்துல கை வைக்கிறப்ப எல்லாம் போன் வருது. போன வாரம் கோச்சடையில இருந்து வந்துச்சு.

"கம்ப்யூட்டர்காரரே, செவப்பா வந்திருக்கு. ஃபைல் பேரு எழுதிக்கங்க."

"சொல்லுங்கக்கா."

அக்கா ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுச்சு, நம்பரோட. நான் எழுத்துக்கூட்டி எழுதுனேன். "கார்ட அழிக்கலைல?"ன்டு கேட்டேன். "அழிக்கல" என்டுச்சு. வேற ஒன்னும் சொல்லாம வச்சுருச்சு. சோத்த மூடி வச்சுட்டு வண்டிச் சாவிய எடுத்தேன்.